ஓரத்தில் ஒரு கணப்பு

சுவரின் நீளம் 16 அடி. இடது மூலையிலிருந்து 2 அடி தள்ளி, 5 அடி அகலத்துக்குச் செங்கல் கணப்பு. அதற்கு வலப்பக்கம் 9 அடிக்கு ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவர். டொரன்டோவின் புறநகர்களிலும், அமெரிக்காவில் 1950களில் எழுந்த ஒற்றைத் தள வீடுகளிலும், லண்டனின் பழைய வரிசை வீடுகளிலும் இப்படிப்பட்ட சுவர்களைப் பார்க்கலாம். வீடு பார்க்கப் போன நாளில் அந்த ஃபயர்பிளேஸ்தான் கண்ணைக் கவர்ந்திருக்கும். சோஃபா வந்து இறங்கும் நாளில் சிக்கல் தொடங்குகிறது. நெருப்புக்கு நேரே சோஃபாவைப் போட்டால் அறையின் மறுபாதி ஆளில்லாமல் கிடக்கிறது. அறையின் நடுவில் போட்டால் நெருப்பு கடைக்கண்ணுக்குத்தான் தெரிகிறது. டி.வி.யையும் அதே சுவரில் மாட்ட வேண்டும் என்றால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

கணப்பை எப்படியாவது நடுவில் இருப்பதுபோல் காட்டிவிட வேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இடப்பக்கத்து 2 அடிக்குள் ஒல்லியாக ஓர் அலமாரி, வலப்பக்கம் அதே அளவில் இன்னொன்று, மிச்சமிருக்கும் 7 அடிச் சுவரில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு படம். கண் இதற்கு ஏமாறுவதில்லை. இரண்டு அலமாரிகளும் சேர்ந்து, நடுவில் இருக்க வேண்டியது நகர்ந்துபோய்விட்டது என்பதைத்தான் இன்னும் உரக்கச் சொல்கின்றன. கணப்புக்கு ஜோடி தேடுவதை விட்டுவிட்டு, அதன் எடைக்கு ஈடாக மறுபக்கம் எதை வைக்கலாம் என்று யோசித்தால் அறை சீக்கிரம் வழிக்கு வரும்.

கணப்பு ஓரமாக இருப்பதற்குக் கட்டியவரின் கவனக்குறைவைக் காரணம் சொல்லிவிட முடியாது. அதன் இடத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்தது புகைபோக்கி. சூடான புகை லேசானது. உயரமான குழாய்க்குள் அது மேலே ஏறும்போது கீழிருந்து காற்றை இழுக்கிறது. குழாய் உயரமாகவும், வீட்டுக்குள்ளேயே கதகதப்பாகவும் இருந்தால் இழுவை நன்றாக இருக்கும். வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் குளிரில் நிற்கும் புகைபோக்கி, நெருப்பு பற்றிய சில நிமிடங்களுக்குப் புகையை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பக்கூடும். அமெரிக்கக் கட்டட விதியில் ஒரு கணக்கும் உண்டு: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து புகைபோக்கி குறைந்தது 3 அடி உயர வேண்டும்; சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியைவிடவும் 2 அடி உயரமாக நிற்க வேண்டும். முகட்டுக்குப் பக்கத்தில் ஏற்றினால் வெளியே கொஞ்சம் நீட்டினாலே போதும். சரிவின் கீழ்ப்பகுதியில் ஏற்றினால் நெடுநெடுவென்று எழுப்பி, காற்றில் ஆடாமல் கம்பி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே கொத்தனார் கூரையைப் பார்த்துத்தான் இடம் குறித்தார். கீழே இருக்கும் அறையின் நடுப்புள்ளி அதே கோட்டில் விழுந்திருந்தால் அது நல்வாய்ப்பு. இதோடு, சுவரின் மறுபக்கத்து அறைக்கும் அதே புகைபோக்கியில் ஒரு கணப்பு வேண்டும். நிலவறை ஹீட்டரின் குழாயும் அதிலேயே சேர வேண்டும். ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் ஜன்னல். இத்தனையும் கூடித்தான் அந்த 2 அடியையும் 9 அடியையும் உண்டாக்கின.

லண்டன் வரிசை வீடுகளின் கதை வேறு. அங்கே இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவரில், ஒவ்வோர் அறைக்கும் நடுவில்தான் கணப்பைக் கட்டினார்கள். பிற்காலத்தில் முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலிருந்த சுவரை இடித்து ஒரே நீளக் கூடமாக ஆக்கியபோது, ஒரே சுவரில் இரண்டு கணப்புகள் வந்து நின்றன. இரண்டுமே நடுவில் இல்லை. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டமும், அதைத் தொடர்ந்து 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டமும் வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் வழக்கத்தைச் சுருக்கின. நெருப்பு போனாலும் அதைத் தாங்கிய செங்கல் புடைப்பு சுவரில் நிற்கிறது. இடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தப் புடைப்பின் மேல்தான் மாடியறையின் புடைப்பும், கூரைக்கு மேலிருக்கும் பல டன் எடைச் செங்கலும் உட்கார்ந்திருக்கின்றன. கீழே எடுத்தால் மேலே இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டும். பொதுச் சுவரைத் தொடுவதால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்த வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். அவ்வளவு செலவில் கிடைப்பது கொஞ்சம் கூடுதல் இடம்தான். புடைப்பை வைத்துக்கொண்டு அறையை அமைப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு நல்லது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நுவரெலியாவிலும் பிரிட்டிஷார் கட்டிய பங்களாக்களிலும் இதே கணப்புகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்கும் இனி வரும் செய்திகளில் பாதி பொருந்தும்.

கணப்பு நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ராபர்ட் ஆடம் போன்ற கட்டடக் கலைஞர்கள் கிரேக்க, ரோமானிய வடிவங்களைப் பின்பற்றி, சுவரின் நடுவில் பளிங்குக் கணப்பு, இருபுறமும் சமமான தூண்கள், மேலே கண்ணாடி என்று வரைந்தார்கள். அந்தப் படம் வசதி படைத்த வீட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அமெரிக்க நாவலாசிரியை ஈடித் வார்ட்டன், ஆக்டன் காட்மனுடன் சேர்ந்து 1897-இல் எழுதிய வீட்டு அலங்கார நூலில் சமச்சீருக்காக உறுதியாக வாதாடினார். ஆனால் அதே நூலில் கணப்பைப் பற்றி அவர் படும் கவலை வேறு மாதிரியானது. இரண்டு கதவுகளுக்கு நடுவே குறுகிய இடத்தில் நெருப்பை வைத்துவிட்டால் அதைச் சுற்றி யாரும் உட்கார முடியாது, அப்படிப்பட்ட அறையை எதுவும் செய்ய இயலாது என்கிறார். நூற்றாண்டு கடந்தும் இந்தக் கவலை நிற்கிறது. நடுவில் இருந்தும் உட்கார இடமில்லாத நெருப்பைவிட, ஓரத்தில் இருந்து நான்கு பேருக்கு இடம் தரும் நெருப்பு மேல்.

சமச்சீர் இல்லாத சுவரை அழகாக ஆள்வதில் ஜப்பானியர்களுக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. கியோட்டோவின் கின்ககு-ஜி (Ginkaku-ji, வெள்ளி மண்டபம்) கோயில் வளாகத்தில் 1486-இல் கட்டப்பட்ட சிறு கட்டடத்துக்குள் நாலரைப் பாய் அளவில் ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரில் ஒரு பக்கம் எழுதுவதற்கான மேடையும் ஜன்னலும்; மறுபக்கம் ஒன்றுக்கொன்று மட்டம் மாறி நிற்கும் தட்டுகள். பின்னாளில் ஜப்பானிய வீடுகளில் விருந்தினர் அறைச் சுவர் இதே முறையில் அமைந்தது. ஓவியச் சுருள் தொங்கும் உயரமான மாடம் ஒரு பக்கம் என்றால், பக்கத்தில் மட்டம் மாறிய தட்டுகள் இருக்கும். இரண்டும் வேறு அளவு, வேறு உயரம். ஆனாலும் சுவர் எந்தப் பக்கமும் சாய்வதாகத் தோன்றாது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பான் எழுப்பிய மரமண்டபம் அமெரிக்கர்களுக்கு இந்த ஒழுங்கைக் கண்ணெதிரே காட்டியது. அப்போது அந்த நகரத்தில் தொழில் தொடங்கியிருந்த ஃபிராங்க் லாயிட் ரைட், பிறகு 1905-இல் ஜப்பானுக்கே போனார்.

பென்சில்வேனியாவில் ஒரு நீர்வீழ்ச்சியின் மேல் ரைட் கட்டிய ‘ஃபாலிங்வாட்டர்’ வீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கௌஃப்மன் குடும்பத்துக்காக 1936-இல் வேலை தொடங்கிய வீடு அது. 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ரைட்டின் எட்டுக் கட்டடங்களில் ஒன்று. அந்தக் குடும்பத்தார் வெயில் காய உட்காரும் பாறை ஒன்று அருவிக்கரையில் இருந்தது. ரைட் அதை வெட்டி எடுக்கவில்லை. பாறை எங்கே இருந்ததோ அங்கேயே கணப்பின் தளமாக விட்டுவிட்டு வீட்டை அதன்மேல் எழுப்பினார். ஆகவே அந்த நெருப்பின் இடத்தைத் தீர்மானித்தது பாறைதான். கூடத்தின் பின்பக்கம் ஒரு புறமாக அது இருக்கிறது. தரையில் பாவிய கற்களுக்கு மெழுகு பூசியிருப்பதால் அவை நனைந்த ஓடைபோல் மின்னுகின்றன. பாறைக்கு மட்டும் மெழுகு இல்லை, நீருக்கு மேல் உலர்ந்து நிற்கும் கல்லாகவே தெரிகிறது. பக்கச் சுவரில் பொருத்திய கரத்தில் சிவப்பு நிற உருண்டைக் கெண்டி ஒன்று தொங்குகிறது. வேண்டும்போது அதை நெருப்புக்கு மேல் திருப்பிக்கொள்ளலாம்.

இருக்கைகளை ரைட் எங்கே போட்டார் என்பதுதான் சாதாரண வீட்டுக்கு உதவும் பாடம். ஜன்னல்களுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி நீளமான மெத்தை இருக்கைகள். எடை மிகுந்த கல்லும் இருட்டும் நெருப்பும் ஒரு பக்கம். வெளிச்சமும் காடும் நீண்ட தாழ்ந்த இருக்கையும் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் உருவ ஒற்றுமை எதுவும் இல்லை, ஆனால் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கின்றன.

பின்லாந்தில் ஆல்வர் ஆல்ட்டோ 1939-இல் கட்டி முடித்த ‘வில்லா மைரேயா’ வீட்டில் கணப்பு மூலையில் இருக்கிறது. வெள்ளைச் சாந்து பூசிய கனமான வடிவம். ஜன்னலை ஒட்டிய பக்கத்தில் மட்டும் கையால் வழித்து எடுத்ததுபோல் வளைந்த ஒரு குழிவு. வெளிச்சம் அதில் படிந்து, கனத்தை அந்த இடத்தில் மட்டும் கரைத்துவிடுகிறது. இருபக்கமும் குழித்திருந்தால் அது வெறும் அலங்காரமாகப் போயிருக்கும். 1949-இல் பிலிப் ஜான்சன் கனெக்டிகட்டில் தனக்காகக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீடு இன்னொரு வழியைக் காட்டுகிறது. 56-க்கு 32 அடி, நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே, நடுவைவிட்டு விலகி ஒரு செங்கல் உருளை. அதற்குள் குளியலறை, வெளிமுகத்தில் கணப்பு. உட்காரும் இடத்தை அங்கே தீர்மானிப்பது கணப்பு அல்ல, ஒரு தரைவிரிப்பு. நாற்காலிகளும் கட்டிலும் மேசையும் அந்த விரிப்பின் மேல் ஒரு சிறிய அறைபோல் கூடியிருக்கின்றன. நெருப்பு பக்கத்திலிருந்து துணை தருகிறது.

வேறு வேறு அளவுப் பொருள்கள் எப்படி ஈடு கொடுக்கும் என்பதை, அந்தக்காலச் சந்தைகளில் புழங்கிய வெள்ளிக்கோலைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பிடிக்குப் பக்கத்தில் தொங்கும் கனத்த மூட்டையை, கோலின் தொலைமுனையில் இருக்கும் சிறு குண்டு தூக்கி நிறுத்திவிடும். பார்வைக்கும் இதே விதி பொருந்தும் என்று உளவியலாளர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1954-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக ஒரு பொருளின் பார்வை எடை கூடும். சிவப்பு நீலத்தைவிடக் கனமாகத் தெரியும். கூட்டத்தில் இருப்பதைவிடத் தனியே நிற்கும் பொருள் கனமாகும். இதை அந்த 16 அடிச் சுவரில் வைத்துப் பார்த்தால், 5 அடிச் செங்கலுக்கு ஈடாக வலப்பக்கம் இன்னொரு 5 அடிச் சுமை தேவையில்லை. வலது ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு கருமரக் கடிகாரமோ, அடர்ந்த நிறத்தில் ஒரே ஒரு பெரிய ஓவியமோ போதும். அதை நடுவை நோக்கி நகர்த்தினால் எடை குறைந்துவிடும். அப்போது பெரிதாக்க வேண்டும், அல்லது கூட இன்னொன்று சேர்க்க வேண்டும்.

இனி உட்காரும் இடம். சுவரை அலங்கரிப்பதற்கு முன் நாற்காலிகளுக்கு இடம் கண்டுவிட வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1977-இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லாங்குவேஜ்’ நூலில் நெருப்புக்கு ஒரு தனிப் பகுதியும், வட்டமாக உட்காருவதற்கு ஒரு தனிப் பகுதியும் இருக்கின்றன. ஆட்கள் நடந்து போகும் வழி வட்டத்தைக் குறுக்கே வெட்டக்கூடாது, நாற்காலிகள் கொஞ்சம் கலைந்தாற்போல் இருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் சாரம். வட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. நெருப்பு அதில் ஓர் ஆளின் இடத்தை எடுத்துக்கொண்டால் போதும். அது சுவரின் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா என்ற கேள்வியே எழாது.

அளவோடு ஒரு கணக்கு. அதே 16 அடிச் சுவர். கணப்பு எரிவாயுவில் எரிவது, முன்னால் கண்ணாடி போட்டது. கணப்பின் நடுப்புள்ளி இடது மூலையிலிருந்து 4½ அடியில் விழுகிறது. கணப்புக்கு வலப்பக்கம் அரையடி விட்டு, 8 அடி நீளத்துக்குத் தாழ்வான பெட்டி அலமாரி. உயரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். அதன் நடுவில், சுவரில் 55 அங்குல டி.வி. அதன் நடுப்புள்ளி மூலையிலிருந்து 11½ அடி. 4½-க்கும் 11½-க்கும் நடுவே எது? சரியாக 8 அடி, அதாவது சுவரின் நடு! சோஃபாவை எதிரே 9 அல்லது 10 அடி தள்ளி அந்த 8 அடிக் கோட்டில் போட்டால், உட்காருபவருக்கு இடக்கண் பக்கம் நெருப்பு, வலக்கண் பக்கம் திரை. தலையைத் திருப்பாமலே இரண்டையும் பார்க்கலாம். கணப்பு ஓரமாக இருந்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமானது. நடுவில் இருந்திருந்தால் டி.வி.க்கு மிஞ்சுவது இரண்டு பக்கமும் ஐந்தரை அடிதான். ஏதேனும் ஒரு பக்கம் திணிக்க வேண்டும், அல்லது நெருப்பின் தலைக்கு மேல் ஏற்ற வேண்டும்.

தலைக்கு மேல் ஏற்றுவது இன்று வட அமெரிக்கா முழுவதும் வழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டுரை அதை ஆதரிக்கவில்லை. சோஃபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 42 அங்குலத்தில் இருக்கும். கணப்பின் மேல் மரப்பலகை 4½ அடியில் இருந்தால் அதற்கு மேல் வரும் திரையின் நடுப்பகுதியே 6 அடியைத் தொடும். இரண்டரை மணி நேரப் படத்தை அண்ணாந்து பார்த்தால் மறுநாள் கழுத்து பதில் சொல்லும். டி.வி. தயாரிப்பாளர்களில் பலர் சுற்றுப்புற வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்று கையேட்டில் எழுதுகிறார்கள். எரியும் கணப்பின் மேல் சுவரில் ஒரு வெப்பமானியை ஒட்டிவைத்துப் பார்த்தாலே அந்த வரம்பை அது தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஓரக் கணப்பு உள்ள வீட்டாருக்குத் திரையைப் பக்கத்தில், கண்மட்டத்தில் மாட்டும் வசதி இயல்பாகவே கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிடக்கூடாது.

சோஃபாவுக்குத் துணையாக இரண்டு தனி நாற்காலிகள். ஒன்றைக் கணப்புக்குப் பக்கவாட்டில், நெருப்பையும் சோஃபாவையும் பார்க்கும் கோணத்தில் சாய்த்துப் போடலாம். சுழலும் நாற்காலியாக இருந்தால் இன்னும் நல்லது. இன்னொன்று ஜன்னல் பக்கம். எதிரெதிரே உட்காருபவர்களுக்கு நடுவே 8 அடிக்கு மேல் போனால் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே 14 முதல் 18 அங்குலம். ஆள் நடக்கும் வழிக்கு 30 முதல் 36 அங்குலம். தரைவிரிப்பைச் சிக்கனமாக வாங்கியதால் கெட்டுப்போன அறைகள் பல. டீப்பாய்க்கு அடியில் மட்டும் ஒரு துண்டு கிடந்தால் நாற்காலிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் சிதறித் தெரியும். எல்லா இருக்கைகளின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட அறைக்கு 8-க்கு 10 அடி விரிப்பு பொருந்தும். ஜான்சனின் கண்ணாடி வீட்டில் நடந்ததைப்போல, விரிப்பு வந்ததும் உட்காரும் வட்டம் தன் நடுவைத் தானே பிடித்துக்கொள்ளும்.

சுவருக்குத் திரும்பினால், அமெரிக்காவின் 1950களின் வீடுகள் கற்றுக்கொடுக்கும் எளிய உத்தி ஒன்று இருக்கிறது. கணப்பின் முன்தளத்தைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயர்த்தி, அதே கல்லைச் சுவர் முழுக்க நீளவாக்கில் இழுத்துவிடுவார்கள். கல் பெஞ்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். அதன் மேல் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் விறகு அடுக்கும் மாடம், புத்தகம், உட்கார இரண்டு திண்டு. நீண்ட கிடைக்கோடு கிடைத்ததும் கண் அந்தக் கோட்டைப் பின்தொடர்கிறது. கணப்பு அதன்மேல் ஓர் இடத்தில் நிற்பதாகவே தோன்றும். கல்வேலைக்குப் பணமில்லாதவர்கள் தாழ்வான நீள அலமாரியை வைத்தே இதைச் சாதிக்கலாம். அதன் மேல்மட்டத்தை முன்தளத்தின் மட்டத்தோடு ஒன்றாகப் பிடிக்க வேண்டும். இரண்டங்குலம் ஏறி இறங்கினால் விளைவு போய்விடும்.

புத்தக அலமாரி கட்டுவதானால் ஒரு பக்கம் மட்டும், தரையிலிருந்து கூரைவரை, நிறையக் கட்டட்டும். மறுபக்கத்து 2 அடியைச் சுவராகவே விட்டுவிடலாம். நெருப்புக் கிண்டும் இரும்புக் கோலும் கரண்டியும் நிற்க அந்த இடம் போதும். அங்கே ஒரு பூஞ்செடியை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. நெருப்பின் அனல் அதை ஒரே குளிர்காலத்தில் வாட்டிவிடும்.

நிறத்தில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் நல்லவையே. செங்கல்லையும் சுவரையும் ஒரே நிறத்தில் தீட்டினால் கணப்பின் கனம் குறைந்து சுவர் ஒன்றாகிவிடும். சிறிய அறைக்கு இது ஏற்றது. சுவர் முழுவதையும், வெற்றுப் பகுதியையும் சேர்த்து, அடர்ந்த நீலத்திலோ கரும்பச்சையிலோ தீட்டினால் டி.வி.யின் கறுப்பும் கணப்பின் வாயும் அந்த இருளுக்குள் அடங்கிவிடும். தவிர்க்க வேண்டியது கணப்பை மட்டும் தனி நிறத்தில் தீட்டுவது. அது ஓரத்தில் இருக்கிறது என்று அம்புக்குறி போட்டதுபோல் ஆகிவிடும். பழைய செங்கல்லின் மேல் பெயின்ட் அடிப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். துளைகளுக்குள் இறங்கிய பெயின்ட்டை முழுமையாக எடுப்பது மிகக் கடினம்.

கணப்பின் மேல்பலகை சிறிய இடம்தான், ஆனால் பார்வை முதலில் அங்கே போகிறது. இருமுனையிலும் ஒரே மாதிரி இரண்டு குத்துவிளக்குகளை நிறுத்தினால் சுவரின் மனநிலையும் பலகையின் மனநிலையும் ஒத்துப்போகாது. உயரமான ஒன்றை, ஜாடியோ சாய்த்துவைத்த படமோ, வெற்றுச் சுவரை நோக்கிய முனையில் நிறுத்தி, மறுமுனையில் தாழ்வாக இரண்டு பொருள்கள் வைத்தால், கண் இயல்பாக வலப்பக்கம் நகர்ந்து அங்கே தொங்கும் ஓவியத்தைத் தொடும். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருப்பது கண்காட்சிக் கூடங்கள் பல பின்பற்றும் அளவு. தாழ்வான அலமாரிக்கு மேல் தொங்குவதானால் அலமாரியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் வேண்டும். அவ்வளவு பெரிய படம் இல்லையென்றால் சிறிய படங்கள் நாலைந்தைச் சேர்த்து ஒரே தொகுதியாக மாட்டலாம்.

அழகுக்கு முன்னால் வைக்க வேண்டியது பாதுகாப்பு. எரியக்கூடிய எந்தப் பொருளும், சோஃபா, திரைச்சீலை, விரிப்பு, பத்திரிகைக் கட்டு எதுவானாலும், நெருப்பிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். விறகுக் கணப்பின் முன்னால் தீப்பற்றாத தளம், சாதாரண அளவு வாய்க்கு முன்பக்கம் 16 அங்குலமும் பக்கங்களில் 8 அங்குலமும் நீள வேண்டும். வாயின் பரப்பு 6 சதுர அடியை எட்டினால் 20-ம் 12-ம். மரச்சட்டம் நெருப்பு வாய்க்கு 6 அங்குலத்துக்குள் வரவே கூடாது. மேலே சொன்ன 8 அடிப் பெட்டி எரிவாயுக் கணப்புக்கானது. அதன் கையேட்டில் எழுதியிருக்கும் இடைவெளியே முடிவானது. விறகு எரிப்பவர்கள் பெட்டியை இன்னும் வலப்பக்கம் தள்ளிக் குறுக்கிக்கொள்ள வேண்டும். எரிவாயுக் கணப்பில் புகை இல்லை, சாம்பல் இல்லை என்பதால் பயமும் இருப்பதில்லை. ஆனால் அதன் முன்கண்ணாடி 200 பாகை செல்சியஸுக்கு மேல் சுடக்கூடும். அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு இறங்காது. தவழும் குழந்தைகள் அதில் உள்ளங்கையை வைத்துப் பொசுங்கிய சம்பவங்களால்தான், 2015 முதல் அமெரிக்காவில் தயாராகும் இந்தக் கணப்புகளுக்கு முன்னால் வலைத்தடுப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய கணப்பு இருக்கும் வீட்டுக்கு விருந்தாளிகள் குழந்தையோடு வந்தால் நெருப்பை அன்று மாலை முழுவதும் ஏற்றாமலிருப்பதே சரி, அல்லது தனித் தடுப்பு ஒன்று வாங்கிப் போட வேண்டும்.

விளக்குகளையும் எடையாகவே எண்ண வேண்டும். இரவில் கணப்பு எரியும்போது அந்தப் பக்கம் தானாகவே ஒளி பெறுகிறது. எதிர்முனையில், சோஃபாவின் வலப்பக்கம் ஒரு நின்ற விளக்கு இல்லாவிட்டால் அறை இடப்பக்கம் சரிந்துவிடும். கோடையில் நிலைமை மாறுகிறது: நெருப்பு வாய் கறுத்த பொந்தாகி விடுகிறது. பிர்ச் மரக்கட்டைகளை உள்ளே அடுக்குவது அமெரிக்கர்களின் வழக்கம். வெள்ளைப் பட்டை இருட்டைக் குறைக்கும். உள்ளே பாட்டரி விளக்குகள் வைப்பதும் உண்டு. அந்த மாதங்களில் சாய்த்துப் போட்ட நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவதே போதுமான மாற்றம்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு வாரம் சோதனை செய்துபார்ப்பது நல்லது. பழைய செய்தித்தாள்களை டி.வி.யின் அளவுக்கும் ஓவியத்தின் அளவுக்கும் ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் பொருத்தலாம். அலமாரியின் நீளத்தைத் தரையில் டேப்பால் குறித்துவிடலாம். காலையில் ஜன்னல் வெளிச்சத்திலும், இரவில் நெருப்பு எரியும்போதும், சோஃபாவிலிருந்தும் வாசலிலிருந்தும் பார்க்க வேண்டும். வாசலிலிருந்து பார்க்கும்போது கனமாகத் தெரியும் பக்கம், சோஃபாவில் உட்கார்ந்ததும் லேசாகிவிடுவது உண்டு. அறையில் அதிக நேரம் இருக்கும் இடத்தின் பார்வைக்கே முன்னுரிமை. விறகுக் கணப்பு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், புகைபோக்கியைப் பரிசோதித்துச் சுத்தம் செய்ய ஆளை அழைப்பார்கள். அவர் நெருப்பு வாயின் முன் துணி விரித்து, கம்பித் தூரிகைகளை மேலே செலுத்த இடம் கேட்பார். ஆகவே கணப்புக்கு மிக அருகே போடும் நாற்காலி, ஒருவர் தனியாகத் தூக்கி நகர்த்தக்கூடிய எடையில் இருக்கட்டும்.